வீடியோவுக்குத் தமிழ் கேப்ஷன் போடுவது எப்படி: கொம்பும் புள்ளியும் சிதறாமல்

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் எடுத்த வீடியோ ஒன்றைக் காரைக்குடியில் உள்ள எங்கள் ஆச்சிக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஆச்சிக்குக் காது மந்தம். பேச்சை மட்டும் எழுதினால் அது சப்டைட்டில். பின்னால் கேட்கும் சத்தத்தையும் எழுதினால்தான் கேப்ஷன். வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்க முடிந்தால் அது குளோஸ்டு கேப்ஷன்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள். விண்டோஸில் இலவசம். ஆன்லைன் தளங்களில் வீடியோவை ஏற்றிக்கொண்டு காத்திருக்கிற வேலை எனக்குப் பிடிக்காது.

வீடியோவை அதில் திறந்ததும் கீழே ஒலி அலை வரும், வராவிட்டால் அந்த இடத்தைச் சொடுக்குங்கள். பேச்சு இருக்கும் இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் புதிய வரி சேர்த்து, தட்டச்சு செய்யுங்கள். முடித்து, கேப்ஷன் கோப்புக்கான எஸ்ஆர்டி (.srt) வடிவில் சேமித்தால் கோப்பு இப்படி இருக்கும்:

1
00:00:04,200 --> 00:00:07,500
கண்ணாடி மேல அச்ச வச்சு
கலர ஊத்தணும்

2
00:00:09,000 --> 00:00:11,000
[கல்லைத் தண்ணீர்த் தொட்டியில்
இறக்கும் சத்தம்]

வினாடிக்குப் பிறகு வருவது காற்புள்ளி. கையால் திருத்தும்போது அங்கே புள்ளி வைத்துவிட்டால் சில பிளேயர்கள் அந்த வரியை விட்டுவிடும். ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம்.

"ஊத்தணும்" என்பதை "ஊற்ற வேண்டும்" என்று திருத்தாதீர்கள். காது கேளாதவர்கள் பலர் உதட்டையும் பார்த்துக்கொண்டே படிப்பார்கள். வாய் ஒன்று சொல்ல, எழுத்து வேறு சொன்னால் குழம்பிப்போவார்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நீளமாகிவிட்டது என்று மென்பொருள் சிவப்பு காட்டினால் உடனே வெட்டிவிடவும் வேண்டாம். "கொ" நமக்கு ஓர் எழுத்து, அதன் கணக்கில் இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியையும் தனியாக எண்ணும். நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இனிதான் சிக்கல். சேமிக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை, யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். ஏஎன்எஸ்ஐ என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். அப்புறம் அதை மீட்க வழியே இல்லை, திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

வீடியோவும் கேப்ஷனும் ஒரே போல்டரில், ஒரே பெயரில் இருந்தால் விஎல்சி பிளேயர் தானாகவே எடுத்துக்கொள்ளும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அதன் அமைப்பில் சப்டைட்டில் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். வீடியோவையும் கேப்ஷனையும் ஒரே கோப்பாக்க எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருள் போதும். இரண்டையும் உள்ளே இழுத்துப் போட்டு, மொழி தமிழ் என்று குறித்து, பொத்தானை அழுத்தினால் சரி. வீடியோவின் தரம் துளியும் குறையாது. யூடியூபுக்கு இதுவும் தேவையில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் சப்டைட்டில் சேர்க்கும் பகுதிக்குப் போய் எஸ்ஆர்டி கோப்பை ஏற்றிவிடலாம்.

டிவியில்தான் மல்லுக்கட்ட வேண்டும். பென்டிரைவில் போட்டுச் செருகினால் கேப்ஷன் வரும், ஆனால் சில டிவிகளில் "கொ"வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். டிவியில் தமிழ் எழுத்துருவை ஏற்றவும் முடியாது. கேப்ஷனை வீடியோவிலேயே பதித்துவிடுவதுதான் வழி. சப்டைட்டில் எடிட்டின் வீடியோ மெனுவிலேயே அதற்கு வசதி உண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று கேட்கும், சம்மதியுங்கள். எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். முதலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் பதித்து டிவியில் ஓட்டிப் பாருங்கள். பதித்ததை அணைக்க முடியாது, திருத்தவும் முடியாது. அதனால் எஸ்ஆர்டி கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் பதித்த பிரதிதான் சரி.

பின்சேர்க்கை: கல்யாண வீடியோவுக்கு டிடிபி கடையில் அடித்து வாங்கிய வசனத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள். நேரக்குறிகளைச் சேர்ப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வசனத்தோடு சேர்த்து மாற்றினால் அம்புக்குறியும் காற்புள்ளியும் வேறு எழுத்தாகிவிடும்.