கலிப்பர் பின்னுக்குக் கிறீஸ் பூசும்போது விடும் பிழைகள்

மாரி முடிந்து தை, மாசியில் சில்லைக் கழற்றிப் பார்த்தால் வன்னி வீதிகளில் ஓடும் கார்களில் அடிக்கடி காண்பது இதுதான்: உள்பக்கப் பிறேக் பாட் இரும்பு தெரியத் தேய்ந்திருக்கும், வெளிப் பாட் பாதிகூடத் தேய்ந்திராது. பாட் சரியில்லை என்று புதுச் சோடி போட்டு அனுப்புவார்கள். அடுத்த மாரிக்கு அதே கதை.

பாட்களை டிஸ்க்கோடு அழுத்துவது கலிப்பர். பின்களில் வழுக்கும் வகைக் கலிப்பரில் பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான். அது உள் பாட்டைத் தள்ள, கலிப்பர் பின் எனப்படும் இரண்டு இரும்புத் தண்டுகளில் வழுக்கி வந்து வெளிப் பாட்டையும் டிஸ்க்கோடு அழுத்தும். பின் இறுகினால் சுமை முழுக்க உள் பாட்டுக்கு. ஒரு பின் மட்டும் இறுகினால் பாட் ஆப்புப் போலச் சரிந்து தேயும்.

பின்னை இறுக்குவது பெரும்பாலும் நாம் பூசும் கிறீஸேதான். கராஜில் எப்போதும் திறந்து கிடப்பது பெயாரிங் கிறீஸ் டின். உழவு இயந்திரத்துக்கும் அது, காருக்கும் அது. அதிலுள்ள கனிய எண்ணெய் பிறேக் றப்பரை ஊத வைக்கும். பூசிய அன்று பின் வெண்ணெய்போல வழுக்கும். சில மாதத்தில் பின்னிலுள்ள றப்பர் புஷ் பருத்து, பின் நுழையும் துவாரத்துக்குள் அடைத்துக்கொள்ளும். செப்பு நிறக் கிறீஸும் இங்கே வேண்டாம். பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிறீஸ், அல்லது றப்பருக்குப் பாதகமில்லை என்று லேபிளில் போட்ட சிந்தெடிக் கிறீஸ் போதும்.

பழையதன் மேலேயே புதியதைப் பூசுவது இன்னொன்று. துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் ஓடிய காரின் பின்னை உருவி, அதிலுள்ள கிறீஸை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் கிறவல் புழுதி உள்ளே போய்விட்டது. பின்னை மூடும் றப்பர் உறையான பூட் எங்கோ கிழிந்திருக்கிறது. புதுக் கிறீஸோடு சேர்ந்தால் அந்தப் புழுதி பின்னை அரம்போலத் தேய்க்கும். பிறேக் கிளீனர் அடித்து, மெல்லிய குச்சியில் துணி சுற்றித் துவாரத்தின் அடிவரை துடைத்து, காயவிட வேண்டும். பெற்றோலும் டீசலும் கூடாது, றப்பருக்கு ஆகாது. கொம்பிரசர் காற்றால் ஊதினால் பாட் தூசி உங்கள் நெஞ்சுக்குள் போகும். துரு ஏறிய பின்னை அரத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சுப் போய் இன்னும் விரைவாகத் துருவேறும், பின்னையே மாற்றுங்கள். கிழிந்த பூட்டுக்கும் அதே பதில்.

அள்ளி அப்புவதும் பிழை. துவாரத்துக்கு மறுபக்க வழி கிடையாது. கிறீஸ் நிறைந்தால் காற்று அகப்பட்டு, பின்னைத் தள்ளத் தள்ள வெளியே உந்தும். ஒரு பின்னுக்குக் கடலை அளவு எடுத்து மெல்லப் பரப்பினால் போதும். பின்னை முழுதும் தள்ளிய பிறகு பூட்டின் விளிம்பைச் சற்றுத் தூக்கிக் காற்றை விட்டு, அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்துங்கள். கையை எடுத்ததும் பின் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

இரண்டு பின்னும் ஒன்றென்று நினைக்காதீர்கள். சில கார்களில் ஒன்றுக்கு மட்டும் றப்பர் புஷ் இருக்கும், இடம் மாற்றக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் போனால், சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

கலிப்பரைப் பின்னோடு பிடிக்கும் போல்ட்டைக் கழற்றும்போது பின்னின் தலையை மெல்லிய ஸ்பனரால் பிடிக்காவிட்டால் பின்னோடு பூட்டும் முறுகும். திரும்ப இறுக்க, பல சிறு கார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீற்றர். உங்கள் காரின் கைநூலைப் பாருங்கள். பைப் போட்டு இறுக்க இது சில்லு நட் அல்ல. கழற்றிய கலிப்பரைப் பிறேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் இயங்கும். கலிப்பர் கழன்றிருந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடலாம். திறப்பைத் தூர வைத்து, 12 வோல்ட் பற்றறியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டே வேலையைத் தொடங்குங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, காரை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வரப்பாருங்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, இரு பக்க றிம்மருகிலும் கையை நீட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அந்தப் பக்கத்தைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.