எட்டு விளக்கும் ஒன்றாக எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

போன ஆனி மாதம், கச்சான் என்னும் மேற்குக் கடற்காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், முட்டத்திலிருந்து ஒரு வள்ளக்காரர் தன் காரைப் பற்றி போன் செய்தார். "அண்ணே, வண்டி ஓடிட்டு இருக்கும்போதே மீட்டர் போர்டுல எல்லா லைட்டும் எரியுது. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிட்டு. கொஞ்ச நேரத்துல தானா சரியாகுது, பொறவு மறுபடியும் வருது" என்றார். அதற்கு முன்பே வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். அவர்கள், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கையும் ஏபிஎஸ் பிரேக்கையும் நடத்தும் கம்ப்யூட்டர் யூனிட்டுகள் இரண்டும் போய்விட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். புது வலை வாங்க அவர் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் அதில் போயிருக்கும். "எதையும் மாத்தாதீங்க, வண்டியை இங்க கொண்டு வாங்க" என்றேன்.

குமரி மாவட்டம் திங்கள்சந்தையில் 26 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்கிறேன். அம்பாசடர் டைனமோவைப் பிரித்துத்தான் வேலை கற்றேன். இன்று என்னிடமும் ஸ்கேனர் இருக்கிறது. ஆனாலும் அந்த வண்டியில் நான் முதலில் எடுத்தது மல்டிமீட்டர். கறுப்புக் கம்பியை பேட்டரியின் மைனஸ் முனையிலும், சிவப்புக் கம்பியை வண்டி பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்தேன். இன்ஜின் ஓட, பையன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பினான். மீட்டரில் 1.8 வோல்ட் காட்டியது. அங்கே 0.1 வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாது.

பேட்டரியையும் தட்டையும் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கம்பியின் போல்ட் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. கம்பியின் வளையத்துக்கு அடியில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி. இரும்புக்கும் செம்புக்கும் இடையில் கரண்ட் போக வழியே இல்லை. எமரி பேப்பரில் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தேன், 0.05. அதன் பிறகுதான் ஸ்கேனர் போட்டு, கம்ப்யூட்டர்கள் எழுதி வைத்திருந்த கோளாறு எண்களான கோடுகளை (code) அழித்தேன். எந்த யூனிட்டையும் மாற்றவில்லை.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போதைய காரில் இன்ஜின், பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேன் என்ற இரண்டு கம்பிகள் வழியாக. வோல்டேஜ் குறைந்து ஒரு கம்ப்யூட்டர் மயங்கினால், மற்ற எல்லாம் "அதன் சத்தத்தைக் காணோம்" என்று ஆளுக்கொரு கோடு எழுதி வைக்கும். அதனால் எட்டு விளக்கு எரிகிறது என்றால் எட்டு சாமான் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எட்டுக்கும் பொதுவான ஒன்று எங்கேயோ கெட்டிருக்கிறது. பேட்டரி, எர்த், பெரிய ஃபியூஸ், கேன் கம்பி, இந்த நான்கையும் பார்க்காமல் யூனிட்டில் கை வைக்கவே கூடாது.

சரி, உங்கள் வண்டியில் திடீரென்று இப்படி ஆனால் என்ன செய்வது? முதலில் ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் போனாலும் வண்டி திரும்பும், கை வலு கூடுதல் வேண்டும், அவ்வளவுதான். இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் லேசாகக் கேட்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். வயர் கருகுகிற வாசம் வந்தால் இறங்கிவிடுங்கள், பானெட்டைத் திறக்க வேண்டாம்.

ஆபத்து இல்லை என்றால் போனை எடுத்து மீட்டர் போர்டை வீடியோ எடுங்கள். எந்த விளக்கு முதலில் வந்தது, அப்போது வைப்பர் ஓடியதா, ஏசி போட்டிருந்ததா, மழையா, பள்ளத்தில் இறங்கினீர்களா என்று சொல்லியே பதிவு செய்யுங்கள். கடைக்கு வரும்போது வண்டி நல்லபடியாக ஓடும். அப்போது எனக்கு வழிகாட்டுவது அந்த வீடியோதான். பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போட்டு ரீசெட் செய்யாதீர்கள். விளக்கு அணையலாம். ஆனால் பல வண்டிகளில் கோடும், கோடு விழுந்த நேரத்து வேகம், வோல்டேஜ் எல்லாமும் சேர்ந்து அழிந்துபோகும்.

அப்புறம் வோல்டேஜ். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது, வீட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்க வேண்டாம், வரும் கோடெல்லாம் ஆளைக் குழப்பும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிமேல் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். புது வண்டிகளில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் கம்ப்யூட்டரே நடத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் வேண்டுமென்றே குறைத்து ஓட்டும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஒரு பழைய பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, வண்டி நிற்கிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிப்பார்கள். நானும் அம்பாசடரில் செய்திருக்கிறேன். இன்றைய வண்டியில் செய்தால் வோல்டேஜ் ஒரே எகிறாக எகிறி கம்ப்யூட்டரைக் கொன்றுவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

எர்த்தை அளக்கும் விதத்தை மேலே சொன்னேன். இன்னொன்றும் உண்டு. கறுப்பை பேட்டரி மைனஸிலும் சிவப்பை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்ஜினுக்கு வரும் எர்த் பட்டையைப் பாருங்கள். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் இது பிடிபடும். சும்மா நிற்கிற வண்டியில் மீட்டரை ஓமில், அதாவது தடையை அளக்கும் நிலையில், வைத்து அளந்தால் ஒரே ஒரு இழையில் தொங்கும் கம்பிகூட நல்ல கம்பி மாதிரிதான் காட்டும்.

நம் மாவட்டத்தில் எர்த்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு உப்புக் காற்றுதான் காரணம். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கத்து வண்டிகளில் களிம்பு மேலோடு நிற்பதில்லை. உப்புநீர் ஒருமுறை வயர் உறைக்குள் புகுந்துவிட்டால் செம்பு இழைகளுக்கு இடையில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மெல்ல ஏறிப் போகும். வயர்களை இணைக்கும் கப்ளர் பளிச்சென்று இருக்கும், அரை அடி தள்ளி உறையைக் கீறினால் உள்ளே கறுத்த பொடி. வயரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நல்ல வயர் வளையும், உள்ளே அழுகிய வயர் ஓரிடத்தில் விறைப்பாகவோ, கூழ்போலவோ இருக்கும். அங்கே வெட்டுங்கள், செம்பு சிவப்பாகத் தெரிகிற இடம்வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே இரண்டு மழையும் உண்டு. மழைக்குப் பிறகு வரும் கோளாறு என்றால் முன்சீட்டு இரண்டின் கால் மிதியையும் தூக்கி, கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் வைப்பருக்குக் கீழே இருக்கும் வடிகாலில் இலை அடைத்திருக்கும், அல்லது ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும். பல வண்டிகளில் அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் வயர் செட்டும் கப்ளரும் போகின்றன.

ஃபியூஸை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நல்லதென்று சொல்லாதீர்கள். முதுகில் இரண்டு புள்ளி உலோகம் தெரியும், சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டிலும் மீட்டர் வையுங்கள், இரண்டிலும் 12 வரவேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போனதற்கு அதே நிறம்தான், மேலே ஒரு படிகூட ஏற்றக் கூடாது. செம்புக் கம்பி சுற்றவே கூடாது, வண்டி எரிந்துவிடும். போட்டதும் மறுபடி போகிறதென்றால் ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பிரகாசமாக எரியும். அந்த வரிசையில் உள்ள கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் மங்குகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்கேனர். மலிவான புளூடூத் கருவி பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டுமே படிக்கும், ஏர்பேக், ஏபிஎஸ் பார்க்க நல்ல கருவி வேண்டும். பி0562 என்று வந்தால் வோல்டேஜ் குறைவு, மற்றதை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். யு என்ற எழுத்தில் தொடங்குபவை பேச்சு அறுந்த கோடுகள். யு0100 என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் சத்தம் கேட்கவில்லை என்று பொருள், அது செத்துவிட்டது என்று பொருளல்ல. யு கோடு நிறைய இருந்தால் பேட்டரியைக் கழற்றி, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையில் ஓம் அளப்பேன். பெரும்பாலான வண்டிகளில் 60 வரும், இரு முனையிலும் 120 ஓம் இருப்பதால். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் உரசிக்கொண்டிருக்கின்றன.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் உப்பு இல்லை, எலி இருக்கிறது. மழைக்காலத்தில் சூடான இன்ஜின்மேல் வந்து படுக்கும். போன வருஷம் ஒரு டீச்சரின் வண்டியில் கேன் கம்பி இரண்டில் ஒன்றை மட்டும் பாதி கடித்திருந்தது. காலையில் ஓடும், மத்தியானம் நிற்கும். இன்ஜின் ஓட, வயர் செட்டை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பின்பக்கம் கை வந்ததும் மீட்டர் போர்டு துடித்தது. கேன் கம்பிகள் இரண்டும் முறுக்கியே வரும், ஒட்டுப்போட்ட பிறகும் பழையபடி முறுக்கியே வைக்க வேண்டும். சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு, இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி முடித்தேன்.

வண்டி நின்றபடியே பேட்டரி இறங்கினால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு அரைமணி நேரம் பொறுங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். பிறகு மைனஸ் கம்பியில் ஆம்பியர் அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பின்னால் சேர்த்த கேமரா, ஜிபிஎஸ், மியூசிக் சிஸ்டம், இவற்றிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

நீங்கள் தொடவே கூடாதவை இரண்டு. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர், ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள். அவற்றுக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். டெஸ்ட் லேம்பை கம்ப்யூட்டருக்குப் போகும் வயரில் குத்துவதும் வேண்டாம், அங்கே மீட்டர் மட்டும்தான்.

முட்டத்து வள்ளக்காரர் இந்த வருஷம் வைகாசி முடியும் முன்பே வண்டியோடு வந்தார். விளக்கு எதுவும் எரியவில்லை. "கச்சான் தொடங்குறதுக்கு முன்னால ஒருக்கா பாத்திருங்க அண்ணே" என்றார். தட்டைக் கழற்றிப் பார்த்தோம். வாசலின்மேல் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது, துடைத்தால் அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது. ஸ்டியரிங்கை அவரே திருப்பினார், மீட்டரில் 0.04.