படுவான்கரைக் காட்டுப் பாதையில ஜீப் ஓட்டுறது எப்படி: தாம்போதி, மணல், மெசின் தடம்

ஃபோர் வீல் வாகனம் வாங்கின கனபேர் முதல் கேக்கிறது எத்தனை சிசி, என்ன சைஸ் டயர் எண்டுதான். மட்டக்களப்புக் களப்புக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை, அம்பாறைப் பக்கம் காட்டுக்குள்ள போறதெண்டா நான் முதல் கேக்கிறது வேற: எந்தக் குளம் நிரம்பி வான் பாயுது, எந்த ஓடையில தண்ணி நிக்குது. இங்க பாதை திறக்கிறதும் மூடுறதும் தண்ணியாலதான். ஆவணியில புழுதி பறக்கிற அதே பாதையில கார்த்திகையில தோணி விடுவாங்க, கிரானுக்கு அங்கால புலிபாய்ந்தகல் பக்கத்த மாரியில பாத்த ஆக்களுக்கு இத விளங்கப்படுத்தத் தேவையில்ல.

ஃபோர் ஹை, ஃபோர் லோ என்னெண்டு தெரியும், ஆனா தார் ரோட்ட விட்டு இன்னும் இறங்கல்ல எண்டிருக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

காலமும் இடமும்

முதல் தடவ போறவங்க வைகாசியில இருந்து புரட்டாதிக்குள்ள போங்க. ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கக்குள்ள நிலம் பாறை மாதிரி இறுகியிருக்கும், வெயில்தான் கொல்லும், தண்ணி கூடக் கொண்டு போனாச் சரி. ஐப்பசி பிறந்தா புதுசா ஓடுறவங்க காட்டுக்குள்ள போக வேணாம். மாசி பங்குனியில வேளாண்மை வெட்டு நடக்கும், வயல் வட்டைக்குள்ள முழுக்க வெட்டுற மெசினும் நெல்லு ஏத்துற பெட்டியும் நிக்கும், ரோட்டுல நெல்லுக் காயப் போட்டிருப்பாங்க. அந்த நேரம் நம்மட பொழுதுபோக்குக்காக அவங்கட வேலையக் குழப்பக்கூடாது.

பழக நல்ல இடம் எண்டா, வவுணதீவால ஆயித்தியமலை போய் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் ஒரு நாள் சுத்துங்க. அது கைக்கு வந்தாப் பொறகு கிரானால குடும்பிமலைப் பக்கம். மணல் பழகணுமெண்டா பொத்துவில் தாண்டி பாணமை, அங்கயிருந்து உகந்தை முருகன் கோயிலுக்குப் போற பாதை. உகந்தையோட நம்மட ஓட்டம் முடிஞ்சி, அதுக்கு அங்கால குமண தேசியப் பூங்கா, டிக்கெட் எடுத்து அவங்கட நேரத்துக்கு, அவங்கட பாதையிலதான் போகலாம். வன இலாகாக் காடு, வனஜீவராசிகள் திணைக்களத்துக் காடு எதுக்குள்ளயும் அனுமதியில்லாம இறங்குறது குற்றம். கல்லோயாவும் அப்படித்தான். போர்ட் இருந்தா வாசிச்சிட்டுத் திரும்புங்க.

இன்னொண்டு, குடும்பிமலையத்தான் தொப்பிக்கல் எண்டும் சொல்றது, அந்தப் பக்கமெல்லாம் 2007 வரைக்கும் சண்டை நடந்த இடம். துருப்பிடிச்ச இரும்பு எது கிடந்தாலும் கை வைக்காம, இடத்தக் குறிச்சுக்கொண்டு 119க்கு அடிங்க.

போறதுக்கு முதல் யாரிட்ட கேக்கணும்

மேப்ப மட்டும் நம்பாதிங்க. குளக்கட்டையும் வாய்க்கால் கட்டையும் பாதையெண்டு காட்டுற மேப் இருக்கு. கட்டுக்கு மேல ஏறி ஓடினாக் கட்டு உடையும், அது ஒரு வட்டைக்கே தண்ணி குடுக்கிற கட்டு. நான் ஓஸ்மாண்ட் ஆப்ப இறக்கி வச்சிருக்கன், சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும், ஆனா அது திசை பாக்கத்தான். பாதை கேக்கிறதெண்டா வயலுக்குத் தண்ணி விடுறதப் பாக்கிற வட்டவிதானையாரிட்ட கேளுங்க, இல்லாட்டி மாட்டுப்பட்டி வச்சிருக்கிற ஆக்களிட்ட. கேக்கிற விதமும் இருக்கு. "அங்கால போகலாமா அண்ணே" எண்டா "போகலாம்" எண்டுதான் சொல்லுவாங்க, ஏனெண்டா அவங்க உழவு மெசினில, மோட்டசைக்கிள்ள போறவங்க. "இந்தக் கிழமை மெசின் போன பாதை எது, கெப் எதுவும் போனதா, யானை எந்தப் பக்கம் நிக்கிது" எண்டு கேளுங்க, சரியான பதில் வரும்.

சாமான்

டயர் ஏடி (ஓல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போதும். மட் டயர் வாங்காதிங்க, களப்புக்கு இங்கால ஓடுற தொண்ணூறு வீதமும் தார் ரோட்டுலதான், அதில அந்தச் சத்தத்தோடயும் மழையில வழுக்குறதோடயும் ஏன் ஓடணும். காத்தடிக்கிற கம்ப்ரசர் பேட்டரியில நேரே கவ்வி போடுற வகையா எடுங்க, சிகரெட் லைட்டர் ஓட்டையில கொளுவுற சின்னதுக்குப் பெரிய டயர் அடிக்கப் போனா ஃபியூஸ் எரியும். காத்து அளக்கிற மீட்டர் ஒண்டு. மண்வெட்டி ஒண்டு, பிடி நீளமானது. ஜாக்குக்குக் கீழ வைக்க ஒரு தடிச்ச பலகைத் துண்டு, இது இல்லாம மணல்ல ஜாக் வச்சா வாகனம் ஏறாது, ஜாக்தான் கீழ போகும். இழுக்கிற பட்டி ஒண்டு, அதக் கொளுவ டன் கணக்கு அடிச்ச இரும்பு வளையம், ஷேக்கிள், ரெண்டு. கம்பி சுத்தி வாகனத்த இழுத்து எடுக்கிற வின்ச் புதுசா ஓடுறவங்களுக்குத் தேவையில்ல, அந்தக் காசுக்கு நல்ல டயர் போடுங்க.

காத்துக் குறைக்கிறது

தார் ரோட்டுல 32 பிஎஸ்ஐ எண்டா கிரவல்ல 25 அளவுக்கு இறக்குங்க, மணல்ல 18. காத்துக் குறைஞ்சா டயர் நிலத்தில படுற நீளம் கூடும், பாரம் பரவும், மணலைக் கிண்டாம மேலால போகும். 15க்குக் கீழ இறக்கினாத் திருப்பக்குள்ள டயர் ரிம்மை விட்டுக் கழரும். காத்துக் குறைச்ச டயரோட மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல ஓட வேணாம், தாரில ஏற முதல் திரும்ப அடிச்சிருங்க.

மெசின் தடம்

படுவான்கரையில பாதையெண்டு இருக்கிறது கனக்க உழவு மெசின் போன தடந்தான். மழைக்குள்ள மெசின் போய், மறுகா கச்சானுக்குக் காஞ்சி, ரெண்டு பக்கமும் குழி, நடுவில மேடு. மெசினுக்கு வயிறு உயரம், நம்மட ஜீப்புக்கு அச்சு நடுவில இருக்கிற கியர் உருண்டை, டிஃப், கீழ தொங்குது. தடத்துக்குள்ளயே சில்ல விட்டா நடுமேட்டில டிஃப் ஏறி, நாலு சில்லும் சும்மா சுத்தும். அதால ஒரு பக்கச் சில்ல நடுமேட்டில ஏத்துங்க, மத்தப் பக்கச் சில்ல தடத்துக்கு வெளிய கரையில விடுங்க, குழி வாகனத்துக்குக் கீழால போகும். ஸ்டியரிங்கில பெருவிரல உள்ளுக்குப் போட்டுப் பிடிக்காதிங்க, சில்லு தடத்துக்குள்ள விழுந்தா ஸ்டியரிங் சுத்திப் பெருவிரல முறிக்கும்.

தண்ணி

இதில அவசரப்படாம வாசிங்க.

ஓடுற தண்ணி வேற, நிக்கிற தண்ணி வேற. தாம்போதிக்கு, அதான் ஓடைக்குக் குறுக்கால தாழ்வாக் கட்டின ரோட்டுக்கு, மேலால தண்ணி இழுத்து ஓடுதெண்டா, அது முழங்காலுக்குக் கீழ எண்டாலும் திரும்பிருங்க. ரெண்டடி ஓடுற தண்ணி பெரிய வாகனத்தையும் தூக்கிக்கொண்டு போகும். 2024 நவம்பர் 26ல காரைதீவு மாவடிப்பள்ளியில மத்ரசாப் பிள்ளைகள ஏத்திக்கொண்டு போன உழவு மெசின் வெள்ளத்தில அடிபட்டுப் போனது. அது காடில்ல, ஆக்கள் தினமும் போய் வாற ரோடு. மெசின விடப் பாரமில்லாத ஜீப்ப வச்சிக்கொண்டு நாம தண்ணியோட விளையாட ஏலாது. மழை உங்களுக்கு மேல பெய்யணுமெண்டும் இல்ல, மேல எங்கயோ பெஞ்சி குளத்து வான்கதவு திறந்தாங்களெண்டா வெயிலடிக்கிற நேரத்திலயும் கீழ் ஓடை ஏறும்.

நிக்கிற தண்ணி, இல்லாட்டி மெல்லமா நகருற தண்ணியெண்டா, நடந்து பாத்துட்டு இறங்குங்கண்டு எல்லாரும் சொல்லுவாங்க. இங்க அதில ஒரு சிக்கல், முதலை. குளத்துக்குக் கிட்ட, ஆத்து மடுவுக்குக் கிட்ட கலங்கின தண்ணிக்குள்ள கால் வைக்காதிங்க. அதுக்குப் பதில் காத்திருங்க, ஒரு மெசின் வரும். வந்தா எல்லாரும் அதிட பெரிய பின் சில்லத்தான் பாப்பாங்க, தண்ணி அரைச் சில்லுக்கும் வரல்லையே எண்டு இறங்குவாங்க. பின் சில்லுட அரைவாசியே நம்மட ஜீப் சில்லு முழுசுக்குக் கிட்ட வரும். முன் சில்லப் பாருங்க. அந்தச் சின்னச் சில்லு நம்மட ஜீப் சில்லு உயரந்தான். அதில அரைவாசிக்குக் கீழ தண்ணி நிண்டாப் போகலாம். அதுக்கு மேல ஏறினா, ஸ்நோக்கல் (எஞ்சினுக்குக் காத்த உயரத்தில இருந்து எடுக்கிற குழாய்) இல்லாத வாகனம் அண்டைக்கு அங்கதான் நிக்கணும். மெசின் எங்க குலுங்கிச்சு எண்டும் பாத்து வைங்க, அங்க கல்லோ குழியோ இருக்கு.

இறங்க முதல் பத்து நிமிஷம் வாகனத்த ஆற விடுங்க. சூடான டிஃப் சட்டெண்டு குளிர்ந்தா உள்ளுக்குக் காத்துச் சுருங்கி, சீலுக்குள்ளால தண்ணிய இழுக்கும். மறுகா ஃபோர் லோ, ரெண்டாம் கியர், ஒரே வேகம். நடுவில கிளச்ச மிதிக்காதிங்க, கியர் மாத்தாதிங்க. முன்னுக்கு ஒரு அலை எழும்பும், அந்த அலைக்குப் பின்னாலயே போங்க, அதத் தாண்டி வேகமாப் போனாத் தண்ணி பொனட்டுக்கு மேல ஏறும்.

தண்ணிக்குள்ள எஞ்சின் நிண்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதிங்க. தண்ணியக் காத்து மாதிரி அமத்த ஏலாது, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா ஒரு தடவ சாவி திருப்பினாலே கனெக்டிங் ரொட் வளையும். இறங்கி வெளிய இழுத்து, ஏர் ஃபில்டர் நனைஞ்சிருக்கா எண்டு பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம். கரை ஏறின உடன பிரேக்க மெல்ல மிதிச்சுக் காய வைங்க, வீட்ட வந்து டிஃப் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா மாத்துங்க.

சில்லு புதைஞ்சு தாண்டுட்டா

மணல்லயோ சுரிச் சேத்திலயோ வேகம் குறையத் தொடங்கின உடன காலை எடுங்க. அக்சிலேட்டர அமத்த அமத்த சில்லு கிணறு வெட்டும். வந்த தடத்தாலயே பின்னுக்கு எடுத்துப் பாருங்க. வரல்லையெண்டா டிஃப்புக்குக் கீழ உள்ள மண்ணையும் சில்லுக்குப் போற வழியையும் வெட்டி எடுத்து, காத்த இன்னும் ரெண்டு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்க.

பக்கத்து வயல்ல மெசின் நிண்டாக் கூப்பிட்டா வருவாங்க, எங்கட சனம் அப்படித்தான், டீசல் காசு கட்டாயம் குடுங்க. ஆனா எதில கொளுவிறதெண்டு நீங்கதான் பாக்கணும். ஜப்பான்ல இருந்து வந்த வாகனங்கள்ள கீழ ஒரு மெல்லிசு வளையம் இருக்கும், அது கப்பல்ல கட்டி வைக்கிறதுக்கு, இழுக்கிறதுக்கில்ல. பின்னுக்கு ட்ரெயிலர் கொளுவுற உருண்டை, டோ போல், அதிலயும் வேணாம், முறிஞ்சா அந்த இரும்பு குண்டு மாதிரி வந்து ஆள அடிக்கும், வெளிநாட்டுல இதால செத்த ஆக்களும் இருக்காங்க. சேசியில போல்ட் போட்ட கொளுக்கியில மட்டும் கொளுவுங்க, சங்கிலியத் திடீரெண்டு வெட்டி இழுக்க வேணாமெண்டு சொல்லுங்க, பட்டி இழுபடுற நேரம் அதுக்குக் கிட்ட ஒருத்தரையும் நிக்க விடாதிங்க, சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பாக்க ஓடி வருவாங்க, அதுகளத்தான் முதல் அங்கால அனுப்பணும்.

யானை

பின்னேரம் நாலு மணிக்குள்ள திரும்பி வெளிக்கிடுங்க. வழியில யானை நிண்டாத் தூரத்திலயே நில்லுங்க, எஞ்சின் ஓடட்டும், ஹோர்ன் வேணாம், லைட் அடிக்க வேணாம், பின்னுக்கு எடுக்க இடம் வச்சிக்கொள்ளுங்க. யானை வேலிக் கேற்றத் திறந்தா, போன பொறகு மூடி, கம்பி திரும்பக் கொளுவிட்டா எண்டு பாத்துட்டுப் போங்க. நீங்க திறந்து விட்ட கேற்றால ராவைக்கு யானை போனா ஒரு குடும்பத்திட வேளாண்மையும் வீடும் போகும், ஆளும் போகலாம்.

பொறகு சேத்தது

இத வாசிச்சிட்டு ரெண்டு பேர் ஒரே பிரச்சினையச் சொன்னாங்க, காட்டால வந்து தாரில ஏறினா ஃபோர் வீல் லீவர் கழட்ட ஏலாம இறுகிட்டுதாம். பழைய பஜேரோ, ஜிம்னி மாதிரி பார்ட் டைம் ஃபோர் வீல் வாகனத்த இறுகின ரோட்டுல ஃபோர் வீல்ல ஓடினா முன் அச்சும் பின் அச்சும் ஒண்டோடொண்டு முறுகும், வளைவில இன்னும் கூட. லீவர இழுத்து உடைக்காதிங்க. நேரா பத்துப் பதினஞ்சடி ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விடும், லீவர் தானா வரும்.

இன்னொரு தம்பி, லீவர் போட்டும் முன் சில்லு சுத்தல்ல, கியர் பொக்ஸ் போச்சா எண்டு பயந்து கேட்டவர். முன் சில்லு நடுவில கையால திருப்புற ஹப் இருக்கா எண்டு பாக்கச் சொன்னன். இருந்தது, ரெண்டும் ஃப்ரீயில நிண்டது. அத லொக்குக்குத் திருப்பினாத்தான் முன் சில்லுக்கு இழுவை போகும். தாரை விட்டு இறங்குற இடத்திலயே இறங்கி ரெண்டு பக்கமும் திருப்பிட்டு ஏறுங்க, சுரிக்குள்ள தாண்ட பொறகு அந்த ஹப் சேத்துக்குள்ள இருக்கும், கைக்கு எட்டாது.