கோட்டை மதிலோரம் பூர்வீக வீடு இருக்கிறதா? டிக்கெட் போடும் முன் படியுங்கள்

வேலூர்க் கோட்டையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். கிழக்கே மலைமேல் இருக்கும் அரண்களையும் அண்ணாந்து பாருங்கள். மலையில் பீரங்கி ஏறிவிட்டால் கீழே அகழி இருந்தும் பயனில்லை. 1780 முதல் 1782 வரை ஹைதர் அலி முற்றுகையிட்டும் கோட்டை விழாததில் அந்த மேல் அரண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1751 முற்றுகையைத் தாங்கிய ஆற்காட்டில் இன்று டெல்லி கேட் என்ற கோட்டை வாசல் நிற்கிறது. 1760 போர் நடந்த வந்தவாசியிலும் கோட்டையின் மிச்சம் இருக்கிறது.

ஆனால் பூர்வீக வீடு இப்படி ஒரு மதிலை ஒட்டியிருந்தால், வெளிநாட்டிலிருந்து ஊரில் இறங்கியதும் வரும் முதல் பேச்சு வேறு. "அண்ணா, நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், இடிச்சுட்டு மாடியோட கட்டிடலாம்." ஒழுகும் கூரையின் கீழ் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்கள் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வராது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், 2010 சட்டத்திருத்தப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அளவு தொடங்குவது மதிலிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. தெருவழியாக நடந்து அளக்கவும் கூடாது, நேர்க்கோட்டுத் தூரம்தான் கணக்கு. "நம்ம வீடு தள்ளித்தான் இருக்கு" என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள். எல்லை வரைபடத்தைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் மனையின் அளவு காட்டும் புலப்படத்தை அதனோடு வைத்துப் பாருங்கள்.

தடைப்பகுதிக்குள் புது வீடு கிடையாது, இடித்துக் கட்டுவதும் கிடையாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை எதுவானாலும் பரணில் தேடி எடுங்கள். பழைய ரசீதுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் பின்னால் அலைகிற குடும்பங்கள் ஏராளம். புதிதாக மாடி கட்டுவது பழுதுபார்ப்பில் சேராது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டலாம், தடையில்லாச் சான்று வாங்கினால். பத்திரம், பட்டா, கட்டட வரைபடம், தூரம் குறித்த படம், மனையின் புகைப்படங்கள் இவற்றோடு விண்ணப்பம் போகும். சட்டத்தில் உள்ள கெடு இது: அனுமதி தரும் அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும், அதன்பின் 1 மாதத்தில் முடிவு. எல்லாம் கெடுவுக்குள் நடந்தாலே மூன்றரை மாதம் வரை ஆகலாம். பட்டாவில் தாத்தா பெயரும் வரைபடத்தில் தம்பி பெயரும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மூன்று வார விடுப்பில் வந்து இதைத் தொடங்கி, நடுவில் விமானம் ஏறி, மீதியை மச்சான் தலையில் கட்டினால் உறவுதான் கெடும். வரும் முன்பே பட்டா பெயர் மாற்றத்தை முடித்துவையுங்கள். வெளிநாட்டில் எழுதும் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் கோட்டையடி வயலை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

கிராமத்துச் சிதிலங்களுக்குப் போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். மதிலின் முகப்பில் கருங்கல், உள்ளே பெரும்பாலும் மண்ணும் சல்லியும். மாட்டுக்கொட்டகைக்கு யாரோ கல்லைப் பெயர்த்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்மண் கரைந்து, மேல்வரிசை அந்தரத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன்மேல் ஏறாதீர்கள், அடியிலும் உட்காராதீர்கள். உள்ளே புதர் மூடிய கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் இருக்கும். கையில் ஒரு கழியோடு, தரையைத் தட்டிப் பார்த்து நடக்க வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். பாறையிடுக்கில் மலைத்தேனீ கூடு தெரிந்தால் புகையோ சத்தமோ வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.