பின்னங்கால் செயலிழந்த நாய்: நடக்கவைக்கும் அவசரத்தில் நேரும் தவறுகள்

டாஷ்ஹண்ட், பீகிள், பிரெஞ்ச் புல்டாக் போன்ற இனங்களில் முதுகெலும்பின் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டு) இளவயதிலேயே ஈரம் வற்றி இறுகிவிடும். சோபாவிலிருந்து குதிக்கும்போது அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால், பின்னங்கால்கள் இரண்டும் தரையில் இழுபடும். தைலம் தேய்த்து இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

விரலிடுக்கைக் கிள்ளினால் நாய் காலை இழுக்கிறது, அதனால் உணர்ச்சி இருக்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். தண்டுவடம் முற்றிலும் துண்டிக்கப்பட்டாலும் கால் அனிச்சையாக இழுத்துக்கொள்ளும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும், அல்லது முனகவேண்டும். அப்போதுதான் வலி மூளைக்குப் போகிறது என்று பொருள். விரலெலும்பை அழுத்தும்போது எழும் ஆழ்ந்த வலியும் தெரியவில்லை என்றால் அன்றைக்கே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போகவேண்டும். அந்த நிலையிலும் உடனே அறுவை செய்தால் ஏறக்குறைய பாதி நாய்கள் மீண்டும் நடக்கின்றன. அக்குபஞ்சர், லேசர், பிசியோதெரபி எல்லாம் அதற்குப் பிறகு துணைக்கு வருபவை; அறுவைக்கு மாற்றாகாது. தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரென்று கால் விழுந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். அதன் வாய்க்குள் கைவிடாதீர்கள்.

அறுவை வேண்டாம், ஓய்வு போதும் என்று மருத்துவர் சொன்னால் அந்த ஓய்வு முழுமையாக இருக்கவேண்டும். கிழிந்த டிஸ்க் உறை ஆறுவதற்குக் குறைந்தது நான்கு வாரமாவது ஆகும். நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடமுள்ள கூண்டு போதும். வெளியே வருவது மலம், சிறுநீருக்காக ஐந்து நிமிடம். அப்போதும் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப்பிடிக்கவேண்டும். மாத்திரையால் வலி குறைந்ததும் நாய் ஓடப்பார்க்கும். ‘குணமாகிவிட்டது’ என்று அவிழ்த்துவிடுகிற அந்த நாளில்தான் டிஸ்க் மறுபடி பிதுங்குகிறது. தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில், முதுகு சமமாக. முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

உண்மையில் இந்த வாரங்களில் நாயைக் காப்பதும் கெடுப்பதும் காலைவிட சிறுநீர்ப்பைதான். படுக்கை நனைந்திருக்கிறது, எனவே சிறுநீர் போகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரம்பிய பை தானாகத் தளும்பி வழிவதாகவும் இருக்கலாம். அப்படியே விட்டால் பையின் தசை இழுபட்டுத் தளர்ந்து, தண்டுவடம் தேறிய பிறகும் சுருங்கமுடியாமல் போகும். 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, தொடைகளுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, பலூன்போல் தட்டுப்படும் பையை மெல்ல, ஒரே சீராக அழுத்திக் காலிசெய்யவேண்டும். இதை மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துக் கற்றுத்தரச் சொல்லுங்கள். பை இறுகி, வராமல் அடம்பிடித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், கிழிந்துவிடும். அதற்கு மாத்திரையும் குழாயும் உண்டு. ஈரத்தைக் குறைக்கத் தண்ணீரைக் குறைப்பது இன்னொரு தவறு: சிறுநீர் அடர்ந்து தொற்று வரும். நாற்றம், கலங்கல், இரத்தம் தெரிந்தால் பரிசோதனை.

சிமெண்ட் தரையில் சாக்கு விரித்தால் போதாது. இடுப்பெலும்பு முனையில் சில நாளிலேயே புண் வரும். கனமான மெத்தை, மேலே ஈரம் உறிஞ்சும் துணி, நான்கு மணிக்கொருமுறை பக்கம் மாற்றல் வேண்டும். 

ஒத்தடத்தில் கவனம். முதல் மூன்று நாள் துணி சுற்றிய ஐஸ், 10 நிமிடம். வெந்நீர் ஒத்தடம் அதற்குப் பிறகுதான், அதுவும் உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் சூடு பார்த்த பிறகு. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் நாய் கத்தாது. கற்பூரம், விண்டர்கிரீன் கலந்த வலித் தைலங்களை நாய் நக்கிவிடும். கற்பூரம் வலிப்பையே வரவழைக்கும். நம் வீட்டு மாத்திரைகளும் வேண்டாம். ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் வலி மாத்திரை சேர்ப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

மருத்துவர் அனுமதித்ததும் பயிற்சி. நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூட்டுக்கு மேலும் கீழும் பிடித்து, ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டுங்கள்: 10 முதல் 15 தடவை, நாளுக்கு மூன்று வேளை. பாதத்தைப் பிடித்து முழுக் காலையும் இழுப்பதால் பயனில்லை. நாய் இறுகினாலோ திரும்பிப் பார்த்தாலோ அங்கே நிறுத்துங்கள். நிற்கவைக்கும் பயிற்சி வழுக்கும் டைல்ஸில் வேண்டாம்; ரப்பர் பாயோ கயிற்றுப் பாயோ விரியுங்கள்.

நீச்சல் நல்லது என்று கிணற்றிலோ குளத்திலோ இறக்கிவிடுவது ஆபத்து. தையல் ஆறுமுன் தண்ணீரே கூடாது. பயந்த நாய் முன்னங்கால்களால் மட்டும் அடித்து முதுகை முறுக்கும். சிகிச்சை மையங்களில் உள்ள, தண்ணீருக்கடியில் ஓடும் டிரெட்மில்லில் (நடைப்பட்டையில்) தண்ணீரின் அளவு நம் கையில் இருக்கிறது: தண்ணீர் இடுப்புவரை நின்றால் கால்கள் தாங்கும் எடை சுமார் 38 சதவீதமாகக் குறையும், முழங்கால் அளவில் 85 சதவீதம் தாங்கவேண்டிவரும். ஆகவே தொடக்கத்தில் இடுப்பளவு, பலம் வர வர மட்டத்தை இறக்கலாம்.

சக்கர வண்டியை ஓய்வுக்காலம் முடியுமுன் மாட்டாதீர்கள். மாட்டும்போது முதுகு தரைக்கு இணையாக இருக்கவேண்டும். பின்புறம் உயர்ந்தால் முழு எடையும் தோளில் விழும். முதலில் 10 நிமிடம். கழற்றியதும் தொடையிடுக்கில் வார் பட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு இருந்தால் வாரைத் திருத்தும்வரை மறுபடி மாட்டவேண்டாம்.