ஹோட்டன் சமவெளிக்கு விடியமுன்னமே வெளிக்கிடுங்கள்

குளிர்நாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் பலர் நுவரெலியாவில் ஒரு இரவு தங்கி, தேயிலைத் தோட்டமும் பூங்காவும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு இரவு தங்குங்கள். மறுநாள் காலை ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் நடந்தால், மலைநாட்டின் வேறொரு முகம் தெரியும்.

நேரம்தான் இங்கே எல்லாமே. ஒன்பது, பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து பனிப்புகார் ஏறிவந்து, எல்லோரும் பார்க்க வரும் ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பை மூடிவிடும். பிறகு வெள்ளைத் திரையைத்தான் படம் எடுக்க வேண்டும். ஆகவே முதல்நாளே வான் பேசி வைத்து, விடியமுன் புறப்பட்டு, வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். நுவரெலியாவில் பல சாரதிகள் தமிழ் பேசுவார்கள். அந்த நேரக் குளிர் உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். சேர்ந்து வரும் ஊர் உறவினர்களுக்குத்தான் ஜக்கெட் தேவைப்படும். சமவெளி என்று பெயர் இருந்தாலும் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் இடம் இது.

வாசலில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டை வைத்திருக்கும் இரட்டைக் குடியுரிமைக்காரர் அதை மறக்காமல் கொண்டுவாருங்கள். பையையும் சோதிப்பார்கள்: பொலித்தீன் உறைகளை வாங்கிக்கொள்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் உரிப்பார்கள். சலித்துக்கொள்ள வேண்டாம். இங்கே மேயும் மரைகள் என்ற பெரிய மான்கள் கண்டதையும் தின்னும். வாகனத் தரிப்பிடத்தில் அவை கிட்ட வந்து நிற்கும்போது தீனி கொடுக்காதீர்கள், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

நடைபாதை ஒரு வட்டம், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சாதாரணமாக நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். பாதை பிரியும் இடத்தில் முதலில் உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். மற்றப் பக்கத்து அருவி புகாருக்குள் மறைந்துவிடாது. சின்ன உலக முடிவைத் தாண்டிப் பெரிய உலக முடிவுக்கு வந்தால், காலடியில் 800 மீட்டருக்கும் அதிகமான செங்குத்துப் பள்ளம். வானம் தெளிந்த நாளில் தெற்கே கடல்வரை தெரியும் என்பார்கள். விளிம்பில் செல்ஃபி மட்டும் வேண்டாம். 2015இல் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் விழுந்து, மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார். எல்லோருக்கும் மரம் கிடைக்காது.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. இறங்கும் பாதை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும், அதனால் செருப்பு சரிவராது; நல்ல சப்பாத்து போடுங்கள். முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பாவை முழு வட்டமும் நடக்கவிடாமல், தொடக்கத்துப் புல்வெளியில் கொஞ்சத் தூரம் கூட்டிப்போய் வாருங்கள். சிவப்புப் பூ பூக்கும் ரோடொடென்ட்ரான் மரங்களும் மரைக் கூட்டமும் அங்கேயே காணக் கிடைக்கலாம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கும் மலை இது. ஆகவே காலுக்குக் கீழே சதுப்பாக இருந்தால் பாதையை விட்டு விலகாதீர்கள்.

மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை போனால் நல்லது. ஆடி விடுமுறைக்குத்தான் வர முடியும் என்றால் மழைச்சட்டை கட்டாயம். அப்புறம், இறங்கும்போது பட்டிப்பொலைப் பக்கமாக வந்தால் அம்பேவலைப் பால் பண்ணை வழியில் வரும். நடந்து களைத்த பிள்ளைகளுக்கு அங்கே ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்.