ஆள் வந்தால் மட்டும் எழும் மைன்கிராஃப்ட் சர்வர்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்தான் மைன்கிராஃப்ட் விளையாட்டை நண்பர்களோடு சேர்ந்து ஆட வைக்கும் சர்வர். லாஸ்பேட்டை நண்பர்கள் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வருவார்கள், அதற்காக அது பகலெல்லாம் மெமரியைப் பிடித்துக்கொண்டு சூடாகிக் கிடக்க வேண்டுமா?

லேஸிஎம்சி என்ற இலவச புரோகிராமைப் போடுங்கள். 25565 போர்ட்டில் (விளையாடுபவர்கள் வந்து இணையும் வாசல் எண்) அது காவலுக்கு நிற்கும், யாராவது உள்ளே சேர வந்தால்தான் உண்மையான சர்வரை 25566-இல் எழுப்பும். விளையாட்டின் சர்வர் பட்டியலில் சும்மா எட்டிப் பார்த்தால் எழாது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

சேரும் முறைக்கு ‘ஹோல்டு’ வையுங்கள்: ஆளை 25 விநாடி வரை பிடித்து வைத்திருக்கும், அதற்குள் சர்வர் எழுந்துவிட்டால் நேராக உள்ளே போகலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்குள் எழாமல் போகலாம், அப்போது கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வரச் சொல்லுங்கள்.

எல்லோரும் போன 60 விநாடியில் தூங்கிவிடும். நெட் அடிக்கடி அறுந்ததால் நான் அதை 600 ஆக்கிவிட்டேன்.